பாஞ்சாலியின் பாச வாரம்

நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் பாஞ்சாலியிடம் பேரம் பேசினால் மீனும் கிடைக்காது, மரியாதையும் மிஞ்சாது. "வஞ்சிரம் துன்ற மூஞ்சா இது? போ, போய் கத்திரிக்கா வாங்கு" என்பாள். இருந்தும் அவளிடமே வருவார்கள். கெட்டுப்போன மீனை அவள் கூடையில் யாரும் பார்த்ததில்லை.

மார்கழிப் பனியில் அவளுக்கு வீசிங் முற்றியது. ஒரு வசவை முழுதாகச் சொல்லி முடிக்கக்கூட மூச்சு போதவில்லை. அது பொறுக்காமல்தான் மந்தைவெளியில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் ஹம்சினியிடம் போனாள். அவர் ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக்கொடுத்தார். சீக்கிரமே மூச்சு சீரானது. கூடவே தூக்கமும் போனது, கோபமும் போனது.

கடையில் "வா கண்ணு, வா செல்லம்" என்று ஆரம்பித்தாள். கேட்ட விலைக்குக் கொடுத்தாள். கேட்காதவர்களுக்கும் கொடுத்தாள். ஒரு சங்கரா மீனை வெட்டப் போனவள் அதன் கண்ணைப் பார்த்து, "இது இன்னா பாவம் பண்ணுச்சு?" என்று தேம்பினாள். மீன் வாங்க வந்த அமீனா பீ, "எனக்கு மீனே வேணாம்மா, நீ அழாதே" என்று பையைச் சுருட்டிக்கொண்டு நகர்ந்தார்.

"பேய் புடிச்சிக்கிச்சு" என்றது குப்பம். கணவன் துரைராஜ் அலட்டிக்கொள்ளவில்லை. "கட்டுனதுலருந்து இப்பத்தான் என்னை ராசான்னு கூப்புட்றா. பேயா இருந்தா இருந்துட்டுப் போவட்டும்."

அந்த வாரக் கடைசியில் பாஞ்சாலி ஐஸ் பெட்டிமேல் ஏறி, கவுன்சிலர் தேர்தலில் நிற்கப்போவதாக அறிவித்தாள். நடுரோட்டில் இறங்கி வண்டிகளை மறித்து ஓட்டு கேட்டாள். விலக்க வந்த போலீஸ்காரரின் கன்னத்தைக் கிள்ளி, "நீதான் நைனா என் ஏஜெண்டு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். துரைராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளால் பேச்சை நிறுத்த முடியவில்லை. கண்கள் மிரண்டிருந்தன. ஆட்டோவைக் கூப்பிட்டான்.

"பேயும் இல்ல, பைத்தியமும் இல்ல. சில பேருக்கு இந்த மாத்திரை இப்படிப் பண்ணும். முன்னாடியே நான் சொல்லியிருக்கணும்" என்றார் ஹம்சினி.

"அப்ப இன்னியோட நிறுத்திரலாமா?"

"நீங்களா சட்டுனு நிறுத்தக் கூடாது. நான் சொல்ற மாதிரி குறைச்சுக்கிட்டே வரணும்."

துரைராஜ் தயங்கினான். "டாக்டரம்மா, ராசான்னு கூப்புட்றதுக்கு மட்டும் தனியா எதுனா மாத்திரை கீதா?"

ஹம்சினி சிரிப்பை அடக்கிக்கொண்டு, இன்ஹேலரை இழுக்கும் விதத்தைக் காட்டினார்.

மாத்திரை குறையக் குறையத் தூக்கம் வந்தது. ஆனால் பாஞ்சாலி வீட்டுக்குள்ளேயே முடங்கினாள்.

"என் மண்ட என் பேச்சையே கேக்கலியேய்யா. பயந்துட்டேன். இனிமே எந்த மூஞ்ச வெச்சிக்கினு கடைக்குப் போவேன்?"

"வேற மூஞ்சி ஏது உனக்கு? அத்தையே எடுத்துக்கினு வா" என்று துரைராஜ் கூடையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். அவளும் போனாள்.

"எலக்சன் எப்பம்மா?" என்றார் முதலில் வந்தவர்.

"நீ மீன் வாங்க வந்தியா, ஓட்டுப் போட வந்தியா?" என்று பாய்ந்தாள். மூச்சு வாங்காமல் முழு வசவும் வந்தது. ஒதுங்கி நின்றவர்கள் நிம்மதியாகக் கூடையருகே வந்தார்கள்.

இப்போதெல்லாம் எந்த டாக்டரிடம் போனாலும் உட்காரும் முன்பே சொல்லிவிடுகிறாள்: "ஸ்டீராய்டு எனக்கு ஒத்துக்காது சார், எலக்சன்ல நின்னுருவேன்."