மாமனாருக்கு ரிமாண்ட்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு தை மாதம். அறுவடைக்குப் பத்து நாள்தான் இருந்தது. உத்திரமேரூர் பக்கம் எங்கள் கிராமத்தில் என் மாமனாருக்கும் பக்கத்து நிலத்துக்காரருக்கும் ஒன்பது வருடமாக வழித் தகராறு. எங்கள் வயலுக்கு டிராக்டர் போகவேண்டுமானால் அவர் நிலத்தின் ஓரமாகத்தான் போகவேண்டும். முதல் கோர்ட்டில் நாங்கள் ஜெயித்தோம், அப்பீலில் அவர் ஜெயித்தார், பிறகு ஐகோர்ட். வீடும் பக்கத்து வீடுதான். ஆனால் பேச்சுவார்த்தை கிடையாது.

அன்று காலை எங்கள் வக்கீல் வாட்ஸ்அப்பில் தீர்ப்பை அனுப்பிவிட்டு, போனை அணைத்துக்கொண்டு கோர்ட்டுக்குள் போய்விட்டார். பதினான்கு பக்கம், அத்தனையும் ஆங்கிலம். வீட்டில் பி.காம். படித்தவள் நான் ஒருத்திதான். மாமனார் என் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“இன்னாம்மா போட்டுக்கீது?”

புரியவில்லை என்று சொல்ல எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனேன். அங்கே ‘ரிமாண்ட்’ என்ற வார்த்தை மட்டும் பளிச்சென்று தெரிந்தது. டிவி செய்தியில் தினமும் கேட்கிறோமே, பதினைந்து நாள் ரிமாண்ட், சிறையில் அடைப்பு என்று.

“மாமா, ரிமாண்ட் பண்ணச் சொல்லியிருக்காங்க.”

“யார?”

மறுபடி பார்த்தேன். “ரெண்டு பேரையும்னு நினைக்கிறேன்.”

அத்தை அழ ஆரம்பித்தார். வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த எதிராளியின் மனைவி, பக்கெட்டை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடினார்.

போலீஸ் வருவதற்குள் காஞ்சிபுரம் பக்கம் ராஜகுளத்தில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போய்விடுவதென்று முடிவாயிற்று. ஒரு பையில் லுங்கி, துண்டு, சர்க்கரை மாத்திரை. மாமனாரை ஸ்கூட்டியில் ஏற்றி உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் இறக்கினேன்.

காஞ்சிபுரம் பஸ் நிற்கிற இடத்தில், தூணுக்குப் பின்னால், தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்தபடி எதிராளி உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பிளாஸ்டிக் கூடை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எனக்கு எங்கே நிற்பதென்று தெரியவில்லை. கடைசியில் எதிராளிதான் வாயைத் திறந்தார்.

“டிராக்டர் வழிக்கெல்லாமாய்யா உள்ள தூக்கி வைப்பாங்க?”

“இன்னா பண்றது. போட்டுட்டாங்களே,” என்றார் மாமனார்.

“மாத்திரை எட்த்துக்கினியா?”

“அது கீது. போத்திக்கத்தான் ஒண்ணும் இல்ல.”

“என்னாண்ட ரெண்டு கீது.” கூடையிலிருந்து ஒரு போர்வையை எடுத்து நீட்டினார். மாமனாரும் வாங்கிக்கொண்டார்.

அப்போதுதான் வக்கீல் போனில் வந்தார். அழாத குறையாக எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்து முடிக்கவே நேரமாயிற்று. சிவில் கேஸில் ரிமாண்ட் என்றால் ஜெயில் இல்லையாம். கேஸ் கட்டைக் கீழ்க்கோர்ட்டுக்கே திருப்பி அனுப்பி, புதிதாக விசாரிக்கச் சொல்வதாம்.

இருவரிடமும் சொன்னேன்.

“மறுபடியும் மொதல்லேர்ந்தா?” என்றார் மாமனார்.

“ஆமாம் மாமா.”

எதிராளி தலையிலிருந்த துண்டை எடுத்து உதறினார். “அதுக்கு பதினஞ்சு நாள் உள்ளயே இருந்துட்டு வந்துர்லாம்யா.”

மாமனார் முதலில் இருமினார். பிறகுதான் அது சிரிப்பு என்று எனக்குத் தெரிந்தது. இருவரும் டீ குடித்துவிட்டு ஒரே ஷேர் ஆட்டோவில் ஊர் திரும்பினார்கள். அந்த அறுவடைக்கு மெஷின் எதிராளி நிலத்து ஓரமாகவே எங்கள் வயலுக்குப் போனது. “இந்த ஒரு தபாதான்,” என்று கறாராகச் சொன்னார். அடுத்த போகத்தில் அவரே வழியில் கிடந்த முள்ளை வெட்டிப் போட்டார். சமாதான மனு போட்டு கேஸை முடிக்க அதற்குப் பிறகும் ஏழு வாய்தா ஆனது வேறு விஷயம்.

எல்லாரும் இதைச் சொல்லிச் சிரிக்கும்போது நானும் சிரிக்கிறேன். ஆனால் தன் நிலத்தைப் பற்றிய தீர்ப்பைத் தானே படிக்க முடியாமல், ஒரு பெரிய மனிதர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்ததை நினைத்தால், ‘எனக்குத் தெரியாது மாமா, கேட்டுச் சொல்றேன்’ என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று இப்போதும் மனம் குறுகுறுக்கிறது.