அடங்கலில் ஏறாத தேக்கு

வேளாண்மைத் துறைப் பணியில் இருந்தபோது நான் விவசாயிகளுக்கு இலவசமாக வழங்கிய மரக்கன்றுகளில் பெரும்பாலானவை கோப்புகளில் மட்டுமே செழித்தன. ஒருவர் நிலத்தில் மட்டும் நிஜமாகவே வளர்ந்து தொலைத்தன.

தாம்பரத்திலிருந்து முக்கால் மணி நேரப் பேருந்துத் தூரத்தில் அவருக்கு ஒரு ஏக்கர் இருந்தது. பயிரோடு மரமும் வளர்க்கவேண்டும் என்பது மேலிருந்து வந்த கொள்கை. நெல்வயலின் வரப்பைச் சுற்றித் தேக்கு நடச் சொன்னேன். நட்டார், குடத்தில் தண்ணீர் சுமந்தார், ஆடுகளிடமிருந்து காப்பாற்றினார்.

எந்த நிலத்தில் என்ன விளைகிறது என்று கிராம நிர்வாக அலுவலர் ஆண்டுதோறும் எழுதும் பதிவேடு அடங்கல். மரம் அதில் ஏறியிருந்தால்தான் பின்னாளில் வெட்ட அனுமதி கிடைக்கும். அந்த விவசாயி தயங்கிக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"தேக்குன்னு எழுதிட்டா, மழ இல்லாத வருசம் நெல்லுக்குக் குடுக்குற நிவாரணம் வருமா சார்?"

"அதுக்கு நீங்க அலையறதுக்குள்ள அடுத்த மழையே வந்துடும். நெல்லுன்னே இருக்கட்டும்" என்றேன். மரம் நடச் சொன்ன மேசையும் நெல்லுக்கு மட்டும் இரங்கிய மேசையும் ஒரே கட்டடத்தில்தான் இருந்தன.

நான் ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் கழித்து வீடு தேடி வந்தார்.

"கெணறு வத்திப்போச்சு சார். சுத்தி ப்ளாட்டு போட்டுக்கினு கீறானுங்க. தேக்க வித்தா போர் போட்டு நெலத்தக் காப்பாத்திக்குவேன். இல்லாட்டி அதையும் அவனுங்க கைல குட்த்துட்டுப் போவவேண்டிதான்."

பக்கத்து நிலத்துக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் மரங்களைச் சத்தமில்லாமல் வெட்டி லாரியில் ஏற்றிவிட்டாராம். "பேப்பர் எழுதப் போறியா? உன் சாருக்கு பென்சன் வருது, உனக்கு இன்னா வரும்னு சிரிக்கிறான் சார்."

முறைப்படி போவோம் என்று நானே மனு எழுதினேன். இணைப்புகள், சர்வே எண், வரைபடம் எல்லாம் வைத்த அழகான மனு.

ஆய்வுக்கு வந்தவர் அடங்கலைப் புரட்டினார். வருஷா வருஷம் நெல்.

"அப்ப இந்த மரமெல்லாம் எங்கேர்ந்து வந்துச்சு?"

"நீங்க குட்த்ததுதான் சார்."

கன்று வழங்கிய பதிவேடு கிடைக்கவில்லை. மரங்களுக்கு வெள்ளைப் பெயிண்டில் எண் எழுதி, விசாரணை முடியும்வரை தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். நான் மனு எழுதாமல் இருந்திருந்தால் அப்படி மரங்கள் இருப்பதே அலுவலகத்துக்குத் தெரிந்திருக்காது. அந்த அலுவலகத்துக்கே நேரில் போய்ப் பார்த்தேன். நாற்காலி போட்டார்கள், தேநீர் வந்தது. நெல் என்று எழுதச் சொன்னது நான்தான் என்று வாக்குமூலம் கொடுக்கிறேன் என்றேன். அதற்கு விதியில் இடமில்லை என்றார்கள், உண்மைதான், இல்லை.

கன்றை இலவசமாகக் கொடுப்பதை ஊக்குவிப்பு என்று எத்தனையோ குறிப்புகளில் எழுதியிருக்கிறேன். நடும் அன்றே, வெட்டும் உரிமையையும் எழுதிக் கொடுத்திருக்கவேண்டும். அதைக் கேட்டு ஒரு குறிப்புகூட நான் எழுதியதில்லை.

இரண்டு கோடை பொறுத்துப் பார்த்துவிட்டு நிலத்தை விற்றார். வாங்கியவர்களின் பொக்லைன் ஒரே காலையில் மரங்களை எண்களோடு சாய்த்தது. யாரும் அடங்கலைக் கேட்கவில்லை.

சென்ற மாதம் தாம்பரம் பேருந்து நிலையத்தில் அவர் என்னைக் கண்டு சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். விசாரணை முடிந்து இப்போதுதான் வந்திருந்த, மரம் வெட்டும் அனுமதி உத்தரவு. வெட்டும் ஒவ்வொரு மரத்துக்கும் ஈடாக அதே நிலத்தில் இரண்டு கன்று நடவேண்டும் என்பது நிபந்தனை. படித்துக் காட்டினேன்.

"எங்க சார் நடுறது?" என்றார்.