வரும்வரை அழுத்தியவர்

தொண்ணூறுகளின் கடைசியில், மைசூர் அக்ரஹாரத்தில் பட்டுக்கடை வைத்திருந்த கொள்ளேகால்காரர் ஒருவருக்கு பில் போடும் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். அதில் 'பிரிண்ட்' பட்டனை அழுத்தினால், அச்சடிப்பதற்கென்றே எழுதிய இன்னொரு புரோகிராமை அது கூப்பிடும். அந்தக் காலத்து மெஷினில் அது எழுந்து வரக் கொஞ்சம் நேரமாகும்.

முதலாளிக்குக் காத்திருக்கத் தெரியாது. மேஜைமேல் இருந்த பித்தளை மணியை ஆள் வரும்வரை அடித்துக்கொண்டே இருப்பார். தாமதமாக வந்தவனுக்கு அறை நிச்சயம். பட்டனையும் அப்படியேதான் அழுத்தினார். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு புரோகிராம் கிளம்ப, மெஷின் திணறி, திரை அப்படியே உறைந்து நின்றது.

"எத்தன தடவடா கூப்பிடறது?" என்று பக்கத்தில் நின்றிருந்த என் வாயிலேயே அறைந்தார். நான் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தேன். அவர் திமிறிக்கொண்டு மணியைத் தூக்கி வீசினார். மானிட்டர் வெடித்துக் கண்ணாடி சிதறியது.

திரை செத்தாலும் உள்ளே மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பிரிண்டர் அலறத் தொடங்கியது. ஒரே பில், மறுபடியும் மறுபடியும் அதே பில்.

"என்னடா இது?"

உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னேன்: "நீங்க கூப்பிட்ட ஆளுங்கதான் சார். எல்லாரும் லேட்டா வந்திருக்காங்க. அறைங்க."