மாஸ்ட்ரோவின் ஒற்றைக் கண்ணும் என் நீலமும்

மாஸ்ட்ரோ வீட்டில் நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் அந்தக் குற்றச்சாட்டு தொடங்கியது.

"சிஞ்ஞோரா, இந்தப் பெட்சீற் மஞ்சளாக் கிடக்கு. வடிவாத் தோய்க்கேல்லையோ?"

மாஸ்ட்ரோ என்னைச் சிஞ்ஞோரா, அதாவது அம்மணி, என்றுதான் கூப்பிடுவார். நாங்கள் இருவரும் கதைத்தது ஓட்டை இத்தாலியனில். எனக்கு நினைவில் நிற்பது தமிழில். என் சமையலைக் குறை சொன்னால் பொறுத்துக்கொள்வேன். என் கணவர் தினமும் சொல்கிறார். தோய்த்ததைக் குறை சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யுத்தக் காலத்தில் ஊரில் குடிக்கும் தண்ணீருக்கே வரிசையில் நின்ற அகதி முகாமிலும் என் பிள்ளையின் பள்ளிக்கூடச் சட்டை வெள்ளையாகத்தான் இருந்தது. இந்த மனிதரின் விரிப்பை நான் மூன்று தரம் அலசுகிறேன். இன்னும் மஞ்சளாம்.

மாஸ்ட்ரோ ஹங்கேரிக்காரர். மனித முகங்களை மட்டுமே வரையும் ஓவியர். ரஷ்ய டாங்கிகள் தன் நகருக்குள் வந்த வருடம், மீசை அரும்பாத வயதில் எல்லை தாண்டி ஓடி வந்தவர். ஒரு முகாம், பிறகு இன்னொரு முகாம், பிறகு நேப்பிள்சிலிருந்து கப்பல். பலேர்மோ துறைமுகத்தில் கப்பலுக்குக் காத்திருப்பவர்களின் முகங்களைக் கரித்துண்டால் வரைந்து கொடுத்துச் சாப்பிட்டார். அப்படி வரைந்த ஒரு முகம் பணக்கார வீட்டு அம்மா ஒருவருடையது. அவர் தன் சிநேகிதிகளிடம் சொல்ல, அதன் பிறகு நாற்பது வருடமாக இந்த ஊரின் பெரிய வீட்டுச் சிஞ்ஞோராக்கள் எல்லோரும் இவர் முன்னால் வந்து கழுத்தை நிமிர்த்தி உட்கார்ந்தார்கள். அந்தப் படங்களில் சட்டையின் வெள்ளைக் கழுத்துப்பட்டியைப் பார்த்தால் கஞ்சி போட்டு அப்போதுதான் மடித்தது போலிருக்கும். கால்சாப் பகுதியில் நாலாம் மாடி வீடு அந்த வருமானத்தில் வாங்கியது.

இத்தனையும் ஒரு கண்ணால். இடக்கண் சிறுவயதிலேயே போய்விட்டது. "படம் தட்டையானதுதானே, ஒரு கண் போதும்" என்பார்.

நான் வேலைக்குப் போன காலத்தில் அவருடைய படங்கள் மாறத் தொடங்கியிருந்தன. முகமெல்லாம் மஞ்சள், கழுத்துப்பட்டி வெண்ணெய் நிறம். பெரிய ஓவியர், ஏதோ யோசித்துத்தான் செய்கிறார் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். கடைசியாக வந்த பல் வைத்தியரின் மனைவி மூடிக்கொள்ளவில்லை. "எனக்கென்ன மஞ்சட்காமாலையோ?" என்று கேட்டுவிட்டுப் படத்தை எடுக்காமலே இறங்கிப் போனார். பிறகு ஒருவரும் வரவில்லை. மாஸ்ட்ரோ படங்களைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்.

"என்ர கை செத்துப்போச்சு, சிஞ்ஞோரா. வீட்டை வித்துப்போட்டு ஹங்கேரிக்கே போகவேண்டியதுதான். அங்கை எனக்கு ஒரு கதவும் தெரியாது."

அதை என் கணவரிடம் சொன்னேன். துறைமுகத்தில் சாமான் இறக்கிவிட்டு அலுத்து வந்திருந்தார். "அந்தாள் போனா உன்ர வேலை போச்சு. வேலை இல்லாமல் இங்கை தங்குற பெர்மெஸ்ஸோக் கடதாசியை எப்பிடிப் புதுப்பிக்கிறது?" என்றார். எனக்கும் அதே பயம்தான். ஆனால் மாஸ்ட்ரோவின் முகத்தைப் பார்க்க அதைவிடக் கவலையாக இருந்தது.

படியில் ஒருநாள் தடுமாறி விழுந்த பிறகுதான் கண் மருத்துவரிடம் போனார். கண்புரை நன்றாக முற்றியிருந்தது, எல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது அதனால்தானாம். இருக்கிற ஒரே கண்ணில் கத்தி வைக்கவா என்று மாதக்கணக்கில் மறுத்தார். பிறகு ஒரு காலையில், என்னிடம் அல்லாமல் சுவரிடம் சொல்வது போல, "செய்வம்" என்றார்.

அறுவைச் சிகிச்சைக்கு முதல்நாள் நான் சபதம் எடுத்தேன். இனி இந்த மனிதர் வடிவாகப் பார்க்கப் போகிறார். என் வெள்ளையில் ஒரு குறை கண்டுபிடிக்கக் கூடாது. எங்கள் தமிழ் ஆட்களின் கடையில் உடுப்புக்குப் போடும் நீலம் ஒரு போத்தல் வாங்கினேன். விரிப்பு, தலையணை உறை, திரைச்சீலை, இரவுச்சட்டை எல்லாவற்றையும் அதில் முக்கி எடுத்தேன். கொஞ்சம் தூக்கலாகத்தான் விழுந்தது. அதனால் என்ன, வெள்ளை என்றால் எங்களுக்கு அப்படித்தான் இருக்கவேண்டும்.

கண் மறைப்பை எடுத்த அன்று கறுப்புக் கண்ணாடியோடு அவரை டாக்சியில் கூட்டிவந்தேன். தன் அறையில் வைத்துத்தான் கழற்றுவேன் என்று அடம். கட்டிலில் உட்கார்ந்து கழற்றினார். விரிப்பைப் பார்த்தார். தலையணையை, திரைச்சீலையைப் பார்த்தார். முகம் வெளிறிப்போயிற்று.

"முடிஞ்சுது, சிஞ்ஞோரா."

"என்ன, மாஸ்ட்ரோ?"

"எல்லாம் நீலம். கண்ணைக் கெடுத்துப்போட்டாங்கள்."

கடவுளே, இருந்த ஒன்றும் போய்விட்டதே என்று நானும் விரிப்பைப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. குசினிக்கு ஓடிப்போய் ரிக்கோத்தாப் பாற்கட்டியைத் தட்டோடு கொண்டுவந்து அவர் மூக்குக்குக் கீழே நீட்டினேன்.

"இது என்ன நிறம், சொல்லுங்கோ."

"வெள்ளை."

வரையும் தாள் ஒன்றை எடுத்துக் காட்டினேன். அதுவும் வெள்ளை. பல்லை இளித்துக் காட்டினேன். "கொஞ்சம் மஞ்சள்" என்றார். பரவாயில்லை என்று விட்டுவிட்டு நீலப் போத்தலைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தேன்.

மூடியைத் திறந்தார். விரலில் ஒரு சொட்டு எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன், சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது. "என்ர அம்மாவும் இது போடுறவ" என்றார். அப்பாடா என்று அந்தக் கட்டிலின் ஓரத்திலேயே நானும் உட்கார்ந்துவிட்டேன். இந்த ஊருக்கு வந்த பிறகு அப்படி நெஞ்சு லேசானது அன்றைக்குத்தான்.

பிறகு அவரே எழுந்து போய்ச் சுவர்ப்பக்கம் பார்த்திருந்த படங்களைத் திருப்பினார். பல் வைத்தியரின் மனைவியைக் கனநேரம் பார்த்தார். "பாவம் மனுசி, கோவிச்சது சரிதான்" என்றார். தன் வலக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "நான் இந்தக் கையை அல்லோ திட்டினனான்" என்றார். வீடு விற்கும் கதையை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை.

அந்தம்மாவைத் தானே கூப்பிட்டு மறுபடி உட்கார வைத்தார். படம் முடிந்து எடுத்துப்போக வந்தபோது அந்தம்மா படத்துக்குக் கிட்டக் குனிந்து பார்த்தார். கழுத்துப்பட்டியின் மடிப்பில் துளி நீலம் ஓடியது.

"வெள்ளை எப்பிடி இவ்வளவு வெள்ளையா வந்தது, மாஸ்ட்ரோ?"

மாஸ்ட்ரோ தூரிகையைத் துடைத்தபடி பால்கனியைக் காட்டினார். நான் விரிப்புகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன்.

"அதை அவவிட்டைக் கேளுங்கோ."

அந்தம்மா வந்து கேட்டார். நான் சொல்லவில்லை.