துண்டு போட்டு வைத்த இடம்

பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சிதம்பரத்திலிருந்து கடலூருக்குத் தினமும் வேலைக்குப் போய்வந்த காலத்தில் இதற்காக எத்தனையோ பேரிடம் சண்டை போட்டிருக்கிறேன். ஆள் கீழே நின்று டீ குடித்துக்கொண்டிருப்பார், மேலே அவருடைய துண்டு சட்டமாக உட்கார்ந்திருக்கும். அப்பேர்ப்பட்ட நானே ஒரு துண்டைத் தயாரித்துக் கணினிக்குள் போட்டேன் என்பதுதான் கூத்து.

இரண்டாயிரத்து ஆறில் நடந்தது இது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேல்மாடியில் எங்கள் கம்பெனி. வெளிநாட்டுக்காரர் ஒருவருக்காக இணையத்துக்குள் ஓர் ஊரையே கட்டிக்கொண்டிருந்தோம். தெரு, பூங்கா, குளம் எல்லாம் உண்டு. உள்ளே வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பொம்மை. எந்தெந்த ஊரிலோ இருப்பவர்கள் அந்தப் பொம்மைகளாக நடக்கலாம், பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம், தட்டச்சு செய்து பேசலாம். ஊரறியவும் பேசலாம், காதோடு காதாகவும் பேசலாம். காதோடு பேசினால் அந்த இருவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது, எங்கும் பதிவாகாது.

இதில் ஒரு தொல்லை இருந்தது. பேச்சின் நடுவே ஒருவருக்கு இணைப்பு அறுந்தால் அவருடைய பொம்மை பட்டென்று மறைந்துவிடும். எதிரில் இருந்தவர் மூஞ்சியில் அடித்தாற்போல் ஆகி, கோபித்துக்கொண்டு போய்விடுகிறார் என்று வெளிநாட்டுக்காரர் புலம்பினார். அதற்குத்தான் நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்தோம். இணைப்பு போனாலும் பொம்மை அரை மணி நேரம் அங்கேயே இருக்கும். ஆள் திரும்பி வந்தால் விட்ட இடத்திலிருந்து பேசலாம்.

“மச்சான், இது பஸ்ல துண்டு போடுறதுதான்” என்றான் பக்கத்து மேசைக்காரன். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பொம்மை கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தால் நன்றாக இல்லையென்று, எதிராளி பேசும்போது அவர் பக்கம் திரும்பி அவ்வப்போது தலையாட்டும்படி எழுதியவன் நான். ஆள் இல்லை என்று காட்ட ஒரு சாம்பல் நிறப் புள்ளி வைத்திருந்தோம். அழகைக் கெடுக்கிறது என்று அதை எடுக்கச் சொல்லிவிட்டார் வெளிநாட்டுக்காரர். எடுத்தோம். வேலை பிரமாதம் என்று பாராட்டும் வந்தது, எனக்குத் தலைகால் புரியவில்லை.

சோதித்துப் பார்க்க வெளியாட்கள் தேவைப்பட்டார்கள். நான் இரண்டு பேரைச் சேர்த்தேன். ஒருவர் அப்பா. அண்ணாமலை நகரில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர், விரல் மழை பெய்கிற மாதிரி ஓடும். இன்னொருவன் பெங்களூரில் இருந்த என் அண்ணன். அவன் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து நாலு வருஷமாக இருவருக்கும் பேச்சு கிடையாது. அப்பா வாயைத் திறந்து ‘வா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் அண்ணன் மறுநாளே பெண்டாட்டியோடு வந்து நிற்பான். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வார்த்தைதான். கம்பெனி வேலை என்பது வெறும் சாக்கு.

எதிர்த் தெருவில் தலைக்கு மேல் பெயரோடு அண்ணனின் பொம்மை போவதைப் பார்த்ததும் அப்பாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. என்னை முறைத்தார். ஆனால் கணினியை அணைக்கவில்லை. முதலில் இருவரும் ஆளுக்கொரு தெருவாகச் சுற்றினார்கள். பிறகு ஒரே பூங்காவுக்கு வந்தார்கள். ஒரு நாள் ஒரே பெஞ்சில் இருவருடைய பொம்மையும் உட்கார்ந்திருந்ததை அம்மா பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். “பொம்மைதான உக்காந்துருக்கு, நானா உக்காந்துருக்கேன்” என்றார் அப்பா. அதன்பிறகு சாயங்காலமானால் இரண்டு பொம்மைகளும் பேசாமல் அங்கே உட்கார்ந்திருப்பது வழக்கமாயிற்று. பேசாவிட்டால் என்ன, உட்காருகிறார்களே என்று எனக்குச் சந்தோஷம்.

அன்று சாயங்காலம் நான் அலுவலகத்தில் இருந்தேன். யார் எங்கே இருக்கிறார்கள் என்று காட்டும் திரை ஒன்று எங்களிடம் உண்டு. யாராவது பேசினால் அவர் தலைக்கு மேல் ஒரு குமிழ் எரியும், பேச்சு தெரியாது. பெஞ்சில் இரண்டு பேரும் இருந்தார்கள். அப்பாவின் தலைக்கு மேல், காதோடு பேசினால் எரிகிற குமிழ் எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது. எனக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது. பக்கத்து மேசைக்காரனைக் கூப்பிட்டுக் காட்டலாமென்று திரும்பியபோதுதான் ஓரத்தில் இருந்த பட்டியலைக் கவனித்தேன். அண்ணன் பெயருக்கு நேரே ‘இணைப்பு இல்லை’ என்று இருந்தது. பெஞ்சில் இருந்தது துண்டு. அது அப்பாவின் பக்கம் திரும்பி, அடக்கமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தது.

அண்ணனைக் கைப்பேசியில் பிடித்தேன். “இங்க மழடா, நெட்டு போயிடுச்சு. அப்பா இன்னும் இருக்காரா? போவாம இருக்கச் சொல்லு, நான் எப்புடியாவது வந்துடறேன்” என்றான். அப்பா பேச ஆரம்பித்துவிட்டார் என்று அவனிடம் எப்படிச் சொல்வது? சொல்லாமல் வைத்துவிட்டு வீட்டுக்கு அடித்தேன். வீட்டில் இணையத்துக்கும் தொலைபேசிக்கும் ஒரே கம்பி. எங்கேஜ்டு. பக்கத்து வீட்டுக்கு அடித்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. அம்மாவோடு சேர்ந்து அவர்களும் கோயிலுக்குப் போய்விட்டார்கள் போலிருக்கிறது.

அண்ணனின் பொம்மையை என்னால் அந்த இடத்திலிருந்து நீக்க முடியும். ஆனால் அப்பா பேசிக்கொண்டிருக்கும்போதே மகன் எழுந்து போனதாக ஆகிவிடும். அப்பாவைத் துண்டிக்கலாம். அண்ணன்தான் தன்னை வெளியே தள்ளினான் என்று நினைப்பார். நானே ஒரு பொம்மையாக உள்ளே போய்ச் சொல்லலாமென்று நுழைந்தேன். எங்கள் அலுவலக இணைப்பில் அந்தப் பூங்கா ஒவ்வொரு மரமாக வந்துகொண்டிருந்தது. குமிழ் எரிந்து எரிந்து அணைந்தது. அப்பாவின் விரல் வேகத்துக்கு அது எத்தனை பக்கம் என்று எனக்குத் தெரியும். ஓர் ஆயுளுக்கும் சேர்த்து அவர் பேசியதே அவ்வளவு இருக்காது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். நான் பெஞ்சுக்குப் போய்ச் சேர்ந்தபோது அப்பா போய்விட்டிருந்தார்.

வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். இணைப்பு அறுந்தது, துண்டு, தலையாட்டல், எல்லாம். அவர் நம்பவில்லை. அவன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான், நான் பார்த்தேன் என்றார். அது நான் எழுதிய நிரல் என்று திரும்பவும் சொன்னேன்.

“அப்ப நான் யார்கிட்டடா பேசினேன்?” என்று கேட்டார்.

அதற்குப் பிறகு அவர் அந்த ஊருக்குள் போகவேயில்லை. நான் எவ்வளவு மன்றாடியும் என்ன எழுதினார் என்று சொல்லவுமில்லை. வெளிநாட்டுக்காரருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். காதோடு பேசுவதை நாங்கள் வைத்துக்கொள்வதில்லை, அதை உங்களை வைத்துத்தானே எழுதினோம் என்று மரியாதையாகப் பதில் வந்தது. நடந்ததை நான் சொன்னதிலிருந்து அண்ணன் மாதக்கணக்கில் தினமும் அந்தப் பெஞ்சில் வந்து காத்திருந்தான். திரையில் அதைப் பார்க்கச் சகிக்காமல் நான் வேறு வேலை கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இரண்டு வருஷம் கழித்து அம்மாவுக்குக் கண் ஆப்பரேஷன் என்று அண்ணன் பெண்டாட்டி பிள்ளையோடு வந்தான். அப்பா வாங்க என்றார், சாப்பிட்டீங்களா என்றார், பேரனுக்குப் பலாச்சுளையைக் கொட்டை எடுத்து ஊட்டினார். வீட்டுக்கு வந்த அந்நிய விருந்தாளியிடம் காட்டுகிற மரியாதைதான் எல்லாம். கிளம்புகிற அன்று காலையில் அண்ணன் அவர் எதிரில் போய் உட்கார்ந்தான். நானும் இருந்தேன்.

“அன்னிக்கி என்னப்பா சொன்னீங்க? இப்ப சொல்லுங்களேன்.”

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். “எதுர்ல ஆள வச்சிக்கிட்டு அதெல்லாம் வராதுப்பா.”

“எனக்குச் சொன்னதுதானப்பா. எனக்கே தெரியலியே.”

“உன்கிட்டதான்டா சொன்னேன்” என்றார் அப்பா. அவர் குரல் உடைந்ததை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். “அத்தனையும் உன்கிட்டதான் சொன்னேன்.”

அண்ணன் என்னைப் பார்த்தான். ஆட்டோ வந்துவிட்டது என்று அம்மா வாசலிலிருந்து கூப்பிட்டாள்.