உம் கொட்டிய தலை

தாமரைச்செல்வியின் வலது மணிக்கட்டில் எப்போதும் ஒரு கறுப்புப் பட்டை இருக்கும். எங்கேயோ விழுந்துவிட்டாள் என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். பேசிப் பேசிச் சிலருக்குத் தொண்டை கட்டிக்கொள்வதுபோல அவளுக்குக் கை கட்டிக்கொள்ளும். காது கேளாதவர்களுக்கும் கேட்கிறவர்களுக்கும் நடுவில் நின்று, இவர்கள் சொல்வதைக் கையாலும் அவர்கள் சொல்வதை வாயாலும் சொல்கிற சைகைமொழி பெயர்ப்பாளர் வேலை. ஆஸ்பத்திரி, வங்கி, காவல் நிலையம், கோர்ட்டு என்று எங்கே கூப்பிட்டாலும் நாகமலை புதுக்கோட்டையில் பஸ் ஏறிவிடுவாள். இப்படிப் பதினோரு வருடம்.

இந்த வேலைக்கு அவள் ஆசைப்பட்டு வரவில்லை. இருபத்திரண்டு வயதில் காது கேளாதோர் பள்ளி ஒன்றில் வருகைப்பதிவேடு எழுதப் போனாள். பிள்ளைகள் அவளைப் பார்த்துப் பார்த்துக் கையால் ஏதோ பேசிச் சிரிக்கும். என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் முதலில் கற்றாள். அவளுக்கு அவர்கள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். விரலை நாக்கில் தொட்டுத் தாளைப் புரட்டுவது. பதிவேட்டை அவள் அப்படித்தான் புரட்டுவாள். அன்றிலிருந்து அந்தச் சனங்களிடம் அவள் பெயர் அதுதான்.

பிறகு இரண்டு வருடம் முறையாகப் படித்தாள். வகுப்பில் சொன்னதையெல்லாம் இருநூறு பக்க நோட்டில் எழுதிவைத்தாள். பேசுகிறவர் 'நான்' என்றால் நீயும் 'நான்' என்றே சொல். கூட்டாதே, குறைக்காதே. அரைமணி நேரத்துக்கு மேல் தனியாகச் செய்யாதே, கைக்கு முன்னால் மூளை களைத்துவிடும், மாற்று ஆள் வேண்டும். பள்ளிக்கூடமே போகாதவர் என்றால், வீட்டாரோடு மட்டும் பழகிய அவருடைய வீட்டுச் சைகைகளைப் பிடிக்கத் தெரிந்த காது கேளாத ஒருவரைக் கூட உட்கார வை. அக்கா அன்னக்கொடி அந்த நோட்டுக்குப் பழுப்பு அட்டை போட்டுக் கொடுத்தாள். எட்டாவதோடு நின்றவள், வீட்டிலேயே தையல். தங்கச்சியின் சான்றிதழ்களைத் தேதி வாரியாக பிளாஸ்டிக் கோப்பில் அடுக்கி வைத்திருந்தாள். ரவிக்கைக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள் அதைப் பார்க்காமல் போக முடியாது.

நோட்டில் இருந்த மாற்று ஆளை மட்டும் மதுரையில் யாரும் தந்ததில்லை.

பேச்சிமுத்துவைப் பிடித்து வைத்திருந்த காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்த அன்று, அவள் ஓர் ஆஸ்பத்திரியில் நான்கு மணி நேரம் ஒற்றையாளாகக் கை வீசிவிட்டு வெளியே வந்திருந்தாள். பேச்சிமுத்துவுக்கு இருபத்தெட்டு வயது. மேலூர்ப் பக்கத்து ஆள், மூட்டை தூக்குகிறவன், பிறவியிலேயே காது கேளாது, பள்ளிக்கூட வாசல் மிதித்ததில்லை. காளவாசலில் அவனுடையதல்லாத ஒரு பைக்கைத் தள்ளிக்கொண்டு போனபோது பிடித்திருந்தார்கள்.

"சார், இவரு வீட்டுச் சைகை மட்டும் தெரிஞ்சவரு. காது கேக்காத ஒருத்தரும் எங்கூட உக்காரணும். ஒத்தக்கடையில ஒருத்தர் இருக்காரு, கூப்பிடட்டா?" என்று நிலையத்துக்குப் போய் அவனைப் பார்த்ததும் கேட்டாள்.

இன்ஸ்பெக்டர் சிரித்தார். "ஊமைக்கு விளக்கம் சொல்ல இன்னொரு ஊமையா? நல்லாருக்கேம்மா. ஒரே ஒரு கேள்விதான். கேட்டுட்டுப் போங்க."

அவள் இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். மணிக்கட்டு தெறித்தது, கண் எரிந்தது. ஒரே கேள்விதானே என்று இருந்துவிட்டாள்.

"வண்டியை நீ எடுத்தியா?"

கையால் கேட்டாள். பேச்சிமுத்து அவள் முகத்தையே பார்த்து, இரண்டு முறை சின்னதாகத் தலையாட்டினான்.

"ஆமா," என்றாள்.

மறுநாள் மாஜிஸ்திரேட் முன்னாலும் அதே கேள்வி, அதே தலையாட்டல், அதே "ஆமாங்கய்யா." அவனைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள்.

பதினைந்து நாள் கழித்து ஜாமீன் மனு வந்தது. அன்றைக்கும் அவளைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். காலையில் இட்லியைப் பிட்டுக்கொண்டே அக்காவிடம் புலம்பிக்கொண்டிருந்தாள். மெஷினை மிதித்துக்கொண்டே அன்னக்கொடி உம், உம் என்றாள்.

"வார மாசத்துல இருந்து ஒத்தையாளாப் போக மாட்டேன்க்கா. எம்புட்டுக் கெஞ்சினாலும் போக மாட்டேன்."

"உம்."

"அப்ப வீட்டுக்கு வார வரும்படி குறையும். உனக்குச் சரிதானே?"

"எதுக்குடி சரி?"

"இப்பத்தானே உம்முன்ன?"

"கேக்குறேன்னு உம் கொட்டுனேன். உம் கொட்டுனாச் சரின்னு ஆயிருமா? நல்லா வந்துச்சு நியாயம். இட்லியத் தின்னுட்டுக் கெளம்பு, பஸ்ஸப் போக விட்டுறாத."

கோர்ட்டு வராந்தாவில் பேச்சிமுத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் காவலுக்கு வந்த ஏட்டு நல்லகாமன். நாலடி தள்ளி, தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு அவன் அம்மா ராமக்காள். தாமரைச்செல்வியைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"தாயி, நீங்கதானே எம்மகன் பேச்சச் சொல்றவுக? இன்னைக்கு விட்டுருவாகளா?"

பதில் சொல்வதற்குள் நல்லகாமனின் குரல் கேட்டது. பொழுது போகாமல் அவனைச் சீண்டிக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்ள, ஜெயில்ல சோறு நல்லாருக்கா? எம்மகளக் கட்டிக்கிறியா? இல்ல தூக்குல போட்டுருவமா?"

ஒவ்வொரு கேள்விக்கும் பேச்சிமுத்து அவர் முகத்தையே பார்த்து, இரண்டு முறை சின்னதாகத் தலையாட்டினான். நல்லகாமன் தொடையில் தட்டிச் சிரித்தார். "தூக்குக்கும் சரிங்கிறான் பாருங்கம்மா!"

தாமரைச்செல்வி சிரிக்கவில்லை. காலையில் மெஷின் சத்தத்துக்குள் கேட்ட அக்காவின் 'உம்' காதுக்குள் மறுபடி விழுந்தது.

அவன் எதிரில் குந்தி உட்கார்ந்து கேட்டாள். வண்டியை நீ எடுத்தியா? தலையாட்டினான். வண்டியை நான் எடுத்தேனா? தலையாட்டினான். இந்த ஏட்டு எடுத்தாரா? அதற்கும் இரண்டு முறை, சின்னதாக.

"ஏம்மா, என்னைய எதுக்கும்மா இழுக்குறீங்க?" என்று நல்லகாமன் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அவன் எல்லாத்துக்கும் அப்படித்தான் தாயி," என்றாள் ராமக்காள். "பேசுறவுக மூஞ்சியப் பாத்துத் தலைய ஆட்டிக்கிருவான். இல்லாட்டி அடிப்பாகள்ல?"

வாயால் உம் கொட்ட முடியாதவன் தலையால் கொட்டியிருக்கிறான். பேசு, பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. அதை அவள் சட்டத்துக்கு 'ஆமா' என்று பெயர்த்துக் கொடுத்திருக்கிறாள். ஒரு முறையல்ல, இரண்டு முறை.

சொன்னால் பதினோரு வருடப் பெயர் போகும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது, அவனுக்கே தெரியாது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

வழக்கைக் கூப்பிட்டதும், கேள்வி வருவதற்கு முன்பே கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்.

"ஐயா, அன்னைக்கு நான் சொன்ன 'ஆமா' தப்புங்கய்யா. அவரு ஆமான்னு சொல்லலை. கவனிக்கிறேன்னு தலையாட்டினாரு. நான் மாத்திச் சொல்லிட்டேன்."

மாஜிஸ்திரேட் பேனாவை வைத்தார். "சத்தியப்பிரமாணம் எடுத்துத்தானே சொன்னீங்க?"

"ஆமாங்கய்யா. பொய் சொல்லலை. தப்பாச் சொன்னேன்."

"எப்படித் தப்பாகும்? நீங்க பயிற்சி எடுத்தவங்கதானே?"

"எடுத்தவதாங்கய்யா. இந்த மாதிரி ஆளுக்கு ரெண்டு பேரு வேணும்னு அதுலயே சொல்லிக் கொடுத்துருக்காங்க. அன்னைக்கு ஒத்தையா நிக்க மாட்டேன்னு சொல்லியிருக்கணும். சொல்லலை."

அரசு வக்கீல் எழுந்தார். "ஐயா, இந்தம்மா இனிமே சொல்றதை மட்டும் எப்படி நம்புறது?"

அவளும் தன்னிடம் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். பதினோரு வருடத்தில் எத்தனை தலைகள் அவள் முன்னால் ஆடியிருக்கும்? எத்தனை ஆஸ்பத்திரிப் படிவத்தில், எத்தனை பத்திரத்தில் அவள் 'ஆமா' உட்கார்ந்திருக்கும்?

அவள் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார்கள். காது கேளாத பெயர்ப்பாளர் ஒருவரோடு மறுநாள் வரச் சொல்லி மாஜிஸ்திரேட் உத்தரவிட்டார். வராந்தாவில் ராமக்காள் தூக்குவாளியைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் ஒத்தக்கடையிலிருந்து சூரியபிரகாஷ் வந்தார். அவளோடு அதே வகுப்பில் படித்தவர், காது கேளாதவர். நடந்ததை அவள் கையால் சொல்லப் பார்த்துவிட்டு, நானும் சில தலையாட்டல்களில் ஏமாந்திருக்கிறேன் என்று கையால் சொன்னார். ஆறுதலுக்குச் சொல்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவர் பேச்சிமுத்துவிடம் எடுத்தாயா என்று கேட்கவேயில்லை. நாற்காலி ஒன்றை இழுத்துப்போட்டு, இது பைக் என்று காட்டினார். நீ எங்கே நின்றாய், காட்டு என்றார். பேச்சிமுத்து நாற்காலியைப் பார்த்தான், சூரியபிரகாஷைப் பார்த்தான். பிறகு எழுந்தான். எழுந்தவன் வேறு ஆளாக இருந்தான்.

தலையில் எதையோ மாட்டினான், ஹெல்மெட். டயரை உதைத்து உதட்டைப் பிதுக்கினான். தோளில் கை போட்டுக் கூப்பிட்டான். நாற்காலியைக் குனிந்து தள்ளினான். சூரியபிரகாஷ் அதை வாங்கித் தாமரைச்செல்விக்குத் தர, அவள் ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்தாள்.

"ஹெல்மெட் போட்ட ஆள் என்னைக் கூப்பிட்டார். டயரில் காற்று இல்லை. என்னைத் தள்ளச் சொன்னார். நான் தள்ளினேன். அவர் முன்னால் நடந்தார். டீ வாங்கித் தருவதாகச் சொன்னார். போலீஸைப் பார்த்ததும் சந்துக்குள் போய்விட்டார்."

மாஜிஸ்திரேட் சற்று நேரம் எழுதினார். பிறகு நிமிர்ந்து, "டீ வாங்கிக் கொடுத்தானா?" என்றார்.

கேள்வி இரண்டு கைகளைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தது. பேச்சிமுத்து முகத்தைச் சுளித்து, உள்ளங்கையை அழுத்தமாக இப்படியும் அப்படியும் வீசினான்.

"இல்லை," என்றாள் தாமரைச்செல்வி.

அவன் கையிலிருந்து அவள் எடுத்துச் சொன்ன முதல் 'இல்லை' அது. ஜாமீன் கிடைத்தது. ராமக்காள் வராந்தாவிலேயே தூக்குவாளியைத் திறந்துவிட்டாள்.

அதன்பிறகு இரண்டு மாதம் கோர்ட்டிலிருந்தோ காவல் நிலையத்திலிருந்தோ யாரும் அவளைக் கூப்பிடவில்லை. "உண்மையச் சொன்னதுக்கா? போறாக, விடுடி," என்றாள் அக்கா. தங்கச்சி சொன்னதை எழுதிக்கொண்ட கோர்ட்டுத் தாளின் நகலைக் கேட்டு வாங்கி, அதையும் கோப்பில் தேதி பார்த்துச் சொருகினாள். சான்றிதழ்களுக்கு அடுத்த உறையில் அது இருக்கிறது.

போன வாரம் காளவாசல் நெரிசலில் பஸ் நின்றிருந்தபோது போன் வந்தது. அதே இன்ஸ்பெக்டர்.

"ஏம்மா, ஒரு பொம்பளை வந்து உக்காந்துருக்கு. காது கேக்காது. வாரீங்களா?"

"வாரேன் சார். ஆனா ரெண்டு பேரா வருவோம். அரைமணிக்கு ஒருக்கா மாத்திக்கிருவோம். இல்லாட்டி வர முடியாது."

"உம்," என்றார்.

தாமரைச்செல்வி போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு மணிக்கட்டுப் பட்டையை இறுக்கினாள்.

"சார், உம்னா சரிங்கிறீங்களா, கேட்டுக்கிட்டிருக்கேங்கிறீங்களா?"