கவிழாத கோப்பை

சாகுல் காக்கா போய்விட்டார் என்ற செய்தி இன்சீன் ரயில் நிலையத்தில் என்னை வந்தடைந்தது. செவ்வாய்க்கிழமை காலை. நகரைச் சுற்றிவரும் வட்ட ரயில் இப்போதெல்லாம் வரும்போது வரும். அலுவலகத்துக்கு நேரமாகிவிட்ட எரிச்சலோடு நாற்பது நிமிடமாக நடைமேடையில் நின்றிருந்தேன். அப்போது செல்வம் கூப்பிட்டார். "ரோஸியக்கா, நம்ம காக்கா காலைல தொழுகைக்கு எந்திரிச்சிருக்காரு. கை கால் கழுவப் போனவரு அப்படியே சாஞ்சிட்டாரு. மௌத்து. சாயங்காலம் அஸர் தொழுகைக்கு முன்னால எடுக்குறாங்க, வந்துருங்க" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. இன்னும் ஒருவர் என்று மட்டும் தோன்றியது. செத்தவர்களையும் ஊரைவிட்டுப் புறப்பட்டவர்களையும் ஒரே பட்டியலில் வைத்துப் பழகிவிட்டோம். அந்த அலுப்பு எந்தச் செய்திக்கும் முன்னால் வந்து நின்றுகொள்கிறது.

இதைப் படிப்பவர்களில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். பபேடானில் பள்ளிவாசலுக்குப் பின்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டியது, அவர் நீலக்கொடி கால்பந்து அணியின் ரசிகர் என்பதுதான். கடை அதற்கு அப்புறம். நகர மையமான கீழ்நகரத்தின் எட்டுத் தெரு அணிகளில் நீலக்கொடியும் ஒன்று. சொல்லிக்கொள்ளும்படி ஒரு கோப்பையும் வாங்கியதில்லை. என் அண்ணன் அதன் இடது ஓரத்தில் ஆடியவர். அவர் காலமான பிறகு, ரசிகர்கள் கூடும் தேநீர்க்கடையில் அவர் நாற்காலியில் நான் உட்கார ஆரம்பித்தேன். பொம்பளைக்கு இதில் என்ன தெரியும் என்று ஒரு முணுமுணுப்பு எழுந்தது. காக்காதான் அதை அடக்கினார். "அந்தப் பிள்ளை நம்ம மேட்ச் ஒண்ணு விடாமப் பாத்திருக்கு. அந்தக் கஷ்டத்த அனுபவிச்சவங்களுக்குப் பேச உரிமை இருக்கு" என்றார்.

எங்கள் வழக்கத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஆண்டுதோறும் கல்லூரிப் பரீட்சை முடிந்ததும், கல்லூரிக்கு வெளியே ஆட விரும்பும் மாணவர்களின் பெயர்களை மைதானத்துக் கொட்டகையில் ஒரு பலகையில் எழுதிவைப்பார்கள். எட்டு அணிகளும் வந்து, முறைவைத்து அணிக்கு இருவர் வரை எடுத்துக்கொள்ளும். போன ஆண்டு கடைசியில் நின்ற அணிக்கு முதல் வாய்ப்பு. இதற்கு நாங்கள் வைத்த பெயர் மாப்பிள்ளை எடுப்பு. அதற்கு முந்தைய ஞாயிறு, அணிக்கு எந்த இடத்தில் ஆள் தேவை என்று தீர்மானிக்க ரசிகர்கள் நாங்களே தேநீர்க்கடையில் கூடுவோம். வெறுந்தேநீர் குடிக்கும் சிறிய பீங்கான் கோப்பைகள் பதினொன்றை மேசையில் அணிபோலப் பரப்புவோம். அந்த இடத்தில் ஆடுபவர் போதும் என்றால் கோப்பையில் தேநீர் ஊற்றப்படும். போதாது, புது ஆள் வேண்டும் என்றால் கோப்பை கவிழ்க்கப்படும். ஆனால் எல்லோரும் சம்மதித்தால்தான் கவிழ்க்கலாம். ஒரே ஒருவர் கோப்பையின் வாயில் கையை வைத்து மூடிவிட்டால் தீர்ந்தது, அதைத் தொடக்கூடாது. இந்த விதியை யார் கொண்டுவந்தார்கள் என்று தெரியாது. நாங்கள் பத்துப் பேர் உட்கார்ந்து பேசினால் எந்தக் கோப்பையும் லேசில் கவிழாது என்பது மட்டும் தெரியும். பதினொரு கோப்பையையும் இரண்டு மணி நேரம் முடக்கிவைப்பதற்காகக் கடைக்காரர் எங்களைத் திட்டாத ஆண்டில்லை.

நாங்கள் எல்லோரும் நாளிதழைப் படித்துவிட்டும் அடுத்த தெருக்காரன் சொன்னதைக் கேட்டுவிட்டும் வந்து பேசுவோம். காக்கா மட்டும் ஒரு மாதத்துக்கு முன்பே, கடையை மதியத்தில் பூட்டிவிட்டுக் கல்லூரி மைதானத்துக்குப் போய்விடுவார். பையன்களோடு உட்கார்ந்து தேநீர் குடிப்பார். மாப்பிள்ளை வீட்டில் கை நனைத்துவிட்டார் என்று நாங்கள் கேலி செய்வோம். "கோல் போடுறவன எல்லாரும்தான் பாக்குறாங்க. கோல் வாங்குனவன் அப்புறம் எப்படி நடந்து போறான்னு பாருங்க" என்பார். விவாதம் சூடாகி, இவனை எடுப்போம் அவனை எடுப்போம் என்று நாங்கள் கத்தும்போது அவர் ஒரு கேள்வி போடுவார். "பையனக் கேட்டீங்களா?" நாங்கள் சிரித்துவிடுவோம். கேட்பதற்கு என்ன இருக்கிறது, பலகையில் பெயர் இருக்கிறதே. பேச்சை இழுத்தடிக்க அவர் வைத்திருக்கும் தந்திரம் என்றே நான் பல வருடம் நினைத்திருந்தேன்.

எங்கள் கோல்கீப்பர் கோ மியோ, டாலாவில் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுபவர். ஆற்றைக் கடந்துதான் வரவேண்டும். ஒரு குளிர்கால ஞாயிறு மூடுபனியில் படகு கிளம்பவில்லை. பத்துப் பேரோடு நிற்கிறோம், நடுவர் விசிலை வாயில் வைத்துவிட்டார். காக்கா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, கண்ணாடியை நூலால் காதோடு கட்டி, கோல் கம்பங்களுக்கு நடுவில் போய் நின்றார். இருபது நிமிடத்தில் நாலு கோல். கோ மியோ ஓடிவந்து சேர்ந்ததும் வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "பந்து வந்தது தெரிஞ்சிச்சு தங்கச்சி. எந்தப் பக்கம்னுதான் தெரியல" என்றார். கோ மியோவைப் பார்த்து ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தன் தேநீரை அவரிடம் நீட்டினார். இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அந்த வருடங்களில் நாங்கள் நிறையச் சிரித்தோம்.

இனி எழுதப்போவதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

மூன்று வருடத்துக்கு முன் நீலக்கொடி கடைசியில் நின்றது. முதல் வாய்ப்பு எங்களுக்கு. கோ மியோவின் முழங்கால் போய்விட்டிருந்தது, கோல்கீப்பர் தேவை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அந்த ஆண்டுப் பலகையில் இருந்த ஒரே கோல்கீப்பர் என் மகன் டேனியல். வயதுப் பையன்கள் ஊரில் நிற்காத காலம். எந்த வீட்டுக்கு எப்போது கடிதம் வருமோ, யாரைப் படைக்குக் கூப்பிடுவார்களோ என்று தாய்மார்கள் கதவைப் பார்த்தபடி இருந்தோம். கூட்டாளிகள் ஒவ்வொருவராகத் தாய்லாந்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். டேனியல் ஒன்றும் பேசாமல் சுற்றிக்கொண்டிருந்தான். அவன் பெயரைப் பலகையில் எழுதக் கொடுத்தது நான்தான். எனக்கு இருப்பது அவன் ஒருவன். வெள்ளிக்கிழமை காக்காவின் கடைக்குப் போய் மனம்விட்டுச் சொன்னேன். "நீலச் சட்டை போட்டுட்டான்னா அவன் எங்கயும் போகமாட்டான் காக்கா. மாமன் ஆடின அணின்னு நின்னுடுவான்." அவர் என் கண்ணாடியின் திருகை முடுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டார். "சரி தங்கச்சி" என்றார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிறன்று முதலில் பேசியதே கோல்கீப்பரின் கோப்பையைப் பற்றித்தான். செல்வம் அதைக் கவிழ்க்கக் கை நீட்டினார். அதற்குள் காக்கா அதன் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார். "மியோ இன்னும் ஒரு வருசம் நிப்பான்" என்றார். எல்லோரும் சிரித்தோம், விளையாட்டு என்று. அவர் கையை எடுக்கவில்லை. ஒரு மணி நேரம் வாதாடினோம். செல்வம் கோபித்துக்கொண்டு எழுந்து போய்த் திரும்பி வந்தார். மீன்சாறு ஊற்றிய மொகிங்கா நூடுல்ஸ் வந்து ஆறிப்போனது. "முழங்கால் இல்லாதவன் எப்படிக் காக்கா பாய்வான்?" என்று நாங்கள் கேட்டதற்கு, "அவன் எப்பப் பாஞ்சான்?" என்றார். கை மட்டும் அங்கேயே இருந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கடைசியில் நான் எழுந்தேன். "கண்ணாடி விக்கிற மனுசனுக்கே கண்ணு தெரியல" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவர் மறு கையால் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். "சரிதான்" என்றார்.

அந்த ஆண்டு ஒரு முன்வரிசை ஆட்டக்காரனை எடுத்தோம். இரண்டே மாதத்தில் அவன் மலேசியா போய்விட்டான். மற்ற அணிகளில் கோல்கீப்பர்கள் இருந்ததால் டேனியலை யாரும் எடுக்கவில்லை. மூன்றாவது மாதம் அவனும் கிளம்பிவிட்டான். இப்போது தாய்லாந்தில், மகாச்சாயில் ஒரு மீன் ஆலையில் ஐஸ் பெட்டி தூக்குகிறான்.

ஒரு வருடம் நான் தேநீர்க்கடைப் பக்கம் போகவில்லை. காக்காவின் கடை வாசலைத் தவிர்ப்பதற்காகத் தெரு சுற்றி நடந்தேன். நடைபாதையில் வாங்கிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தலைவலியோடு திரிந்தேன். ஒரு தடவை பேருந்து நிறுத்தத்தில் எதிரே வந்துவிட்டார். "அந்தக் கண்ணாடி உங்களுக்கு ஒத்துக்காது தங்கச்சி" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு களைப்புதான் என்னைத் திரும்பக் கொண்டுபோனது. கோபத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கவும் தெம்பு வேண்டும். மீண்டும் போய் உட்கார்ந்தேன். ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேசினேன். கடைசிவரை அப்படித்தான்.

செவ்வாயன்று ரயில் பாதி வழியில் மணிக்கணக்கில் நின்று என்னை ஏமாற்றிவிட்டது. நான் போய்ச் சேர்வதற்குள் அவரை அடக்கத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர் மனைவி, எங்கள் மதினியோடு தரையில் உட்கார்ந்தேன். "உங்க மவன் போன் பண்ணுவானே, அவனுக்குச் சொல்லிட்டீங்களா?" என்று மதினி கேட்டார். இந்த வீட்டுக்கு அவன் எதற்குப் போன் பண்ணுகிறான் என்று எனக்குப் புரியவில்லை. "மாசம் ஒரு தடவ இவர்கிட்டப் பேசுவான்மா" என்றார், எனக்கும் தெரிந்ததுதான் என்பதுபோல.

மறுநாள் மதிய இடைவேளையில் டேனியல் அழைத்தான். அவன் அழுதுகொண்டிருந்தான். நான் கேட்டேன், அவன் சொன்னான். நான் கடைக்குப் போன அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தைய வாரம் மைதானத்தில் காக்கா அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார். பலகையில் உன் பெயர் இருக்கிறதே, ஆட உனக்கு இஷ்டமா என்று கேட்டிருக்கிறார். "'என்னை எடுத்தா அம்மாவுக்காக நின்னுடுவேன், காக்கா. நின்னா தினமும் பயந்துட்டே இருக்கணும். என்னை எடுக்காதீங்க'ன்னு சொன்னேம்மா. உங்ககிட்டச் சொல்ல எனக்கு வாய் வரல. நானே சொல்ற வரைக்கும் சொல்லமாட்டேன்னு அவர் சொன்னாரு. நான் சொல்லவே இல்ல."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அதை மறைக்கப்போவதில்லை. என் மகனைப் பற்றி முடிவெடுக்க இவர் யார்? அவர் கை அந்தக் கோப்பையில் இல்லாதிருந்தால் டேனியல் இப்போது என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். அல்லது எந்த வீட்டிலும் இல்லாமல் இருப்பான். எது நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவர் செய்தது சரியா என்றும் தெரியாது. நான் அவரை எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தியபோது, ஒரே வாக்கியத்தில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவரால் முடிந்திருக்கும். அவர் அதைச் செய்யவில்லை. சரிதான் என்றார். மூன்று வருடம் அந்தப் பழியைச் சுமந்தார், நான் திரும்பி வந்த பிறகு எனக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்தார். காக்கா, என்னிடம் சொல்லியிருக்கலாம். நான் கத்தியிருப்பேன், அழுதிருப்பேன், பிறகு உங்களிடமே கண்ணாடி வாங்கியிருப்பேன்.

நேற்று ஞாயிறு. இந்த ஆண்டு மாப்பிள்ளை எடுப்புக்கு முந்தைய கூட்டம். வைப்பதா வேண்டாமா என்று தயங்கி, காக்காவுக்காக வைத்தோம். ஆறு பேர்தான் வந்தோம். மின்சாரம் இல்லை, கடைக்காரர் திட்டாமலே பதினொரு கோப்பையையும் கொண்டுவந்து வைத்தார். பலகையில் ஐந்தே பெயர்கள். அதில் ஒருவன் கோல்கீப்பர், நெட்டையாம், நன்றாகப் பாய்கிறானாம். கோ மியோவே இந்தமுறை டாலாவிலிருந்து வந்து, தன் கோப்பையைக் கவிழ்த்துவிடச் சொன்னார். எல்லோருக்கும் சம்மதம். "விடக்கூடாதுக்கா, பேரு கூட அவங்கப்பாவே வந்து எழுதிக் குடுத்தாராம்" என்று சொல்லிக்கொண்டே செல்வம் கையை நீட்டினார்.

நான் கோப்பையின் மேல் கையை வைத்தேன்.

"என்னக்கா, நீங்களுமா?" என்றார் செல்வம்.

"பையனக் கேட்டீங்களா?" என்றேன்.

ஒருவரும் கேட்டிருக்கவில்லை. என் மகனிடம் நானும் கேட்டதில்லை. காக்கா ஒருவர்தான் கேட்டார், கேட்டதற்குக் கிடைத்த பதிலையும் காப்பாற்றினார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்வி ஒன்றுதான். நாளை மதியம் அலுவலகத்தில் சொல்லிவிட்டுக் கல்லூரி மைதானத்துக்குப் போகிறேன். அந்தப் பையன் ஆட வேண்டும் என்று சொன்னால், கையை எடுத்துவிடுவேன்.